சுவரில் எழுதியது போதாது, சட்டத்தில் எழுதட்டும்

நாட்டுக்கு டொலர் வேண்டும். டொலர் வேண்டுமென்றால் ஏற்றுமதி கூட வேண்டும். ஏற்றுமதி கூட வேண்டுமென்றால் கொழுந்து கூட வேண்டும். 2022க்குப் பிறகு இந்த மூன்று வசனங்களையும் நாம் கேட்காத இடமில்லை. அமைச்சர்கள் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். துரைமார் பிரட்டுக்களத்தில் சொல்கிறார்கள். சில தோட்டங்களில் கொழுந்து மடுவத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சிரித்த முகத்துடன் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படம். அதன் கீழே நாட்டை உயர்த்தும் கைகள் என்ற மாதிரி ஒரு வாசகம்.

ஏற்றுமதி கூடக்கூடாது என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றவர்கள் நாம். டொலர் இல்லையென்றால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கூடுதலாக உழைத்தால் உழைத்தவருக்கு என்ன கிடைக்கும், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே வேறொரு நாட்டுத் தொழிலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். இன்று நம் சுவர்களில் காணும் வாசகங்களுக்கு அங்கேதான் பழைய முன்மாதிரி இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வேளையில் பிரித்தானிய அரசாங்கம் தன் தொழிலாளர்களை நோக்கி ஒட்டிய ஏற்றுமதிச் சுவரொட்டிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்தக் கதையின் ஒரு பாதி நம்முடைய கதையும்கூட.

வென்ற நாடு, காலியான கஜானா

1945இல் பிரித்தானியா யுத்தத்தில் வென்றது. ஆனால் கையில் காசில்லை. ஆறு வருடமாக அதன் ஆலைகள் குண்டும் விமானமும் செய்தன. வெளிநாட்டுக்கு விற்கும் பொருட்களின் அளவு யுத்தத்துக்கு முன்பிருந்ததில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு விழுந்திருந்தது. யுத்த காலத்தில் அமெரிக்கா உடனே பணம் கேட்காமல் உணவும் ஆயுதமும் அனுப்பி வந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. அதன்பின் வோஷிங்டனில் மாதக்கணக்கில் பேசி 375 கோடி டொலர் கடன் வாங்கினார்கள்.

தன் மக்கள் உண்ணும் உணவில் பெரும்பகுதியைக் கடல் கடந்து வாங்கும் நாடு அது. வாங்கப் பணம் வேண்டும். பணத்துக்கு விற்க வேண்டும். யுத்தத்துக்கு முன் அனுப்பியதைவிட முக்கால் பங்கு கூடுதலாக ஏற்றுமதி செய்தால்தான் தப்பலாம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைச் சாதாரணத் தொழிலாளிக்குப் புரியவைக்கும் வேலை சுவரொட்டிக்கு வந்தது. யுத்தகாலத் தகவல் அமைச்சை மூடிவிட்டு, 1946 ஏப்ரலில் மத்திய தகவல் அலுவலகம் என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். எதிரியைப் பற்றி எச்சரித்த சுவர்களில் இப்போது உற்பத்தியைப் பற்றி எழுதினார்கள்.

“இன்று கூடுதலாக உழைத்தால் நல்வாழ்வு விரைவில் வரும்” என்றது ஒரு சுவரொட்டி. பஞ்சாலை மாவட்டமான லங்காஷயரில், “பிரித்தானியாவின் ரொட்டி லங்காஷயரின் நூலில் தொங்குகிறது” என்று எழுதினார்கள். நூல் நூற்று வெளியே அனுப்பினால்தான் கோதுமை உள்ளே வரும் என்பது அதன் பொருள். 1947இல், “நெருக்கடியில் இருக்கிறோம், உழைப்போம், இல்லையேல் இல்லாமையில் வாடுவோம்” என்ற கடுமையான வாசகம் வந்தது. “ஏற்றுமதி செய், இல்லையேல் செத்துப்போ” என்பது அந்த ஆண்டுகளில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

படம் போட்ட கோப்பை யாருக்கு?

வாசகத்தைச் சொல்வது லேசு. அது வீட்டுக்குள் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். யுத்தம் நடந்தபோதுகூடப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி, யுத்தம் முடிந்தபின் 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. இரண்டு வருடம் அப்படியே இருந்தது. துணிக்கு 1949 வரை கூப்பன். 1940இல் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவில் தொடங்கிய தேயிலைப் பங்கீடு 1952 ஒக்டோபர் வரை நீடித்தது.

பீங்கான் தொழிலின் கதையைக் கேட்டால் நமக்கு நன்றாக விளங்கும். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துப் பெண்கள் கோப்பைக்குப் பூ வரைவார்கள், தங்க விளிம்பு கட்டுவார்கள். 1942 முதல் 1952 வரை அப்படி அலங்கரித்த கோப்பைகளை உள்நாட்டில் விற்கத் தடை இருந்தது. அவை ஏற்றுமதிக்கு மட்டுமே. உள்நாட்டுக் கடைகளில் வெறும் வெள்ளைக் கோப்பைதான். நாள் முழுக்கப் பூ வரைந்த பெண் சாயந்தரம் வீட்டுக்குப் போய் ஒன்றும் வரையாத கோப்பையில் தேநீர் குடித்தாள்.

1946 செப்டெம்பரில் லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி திறந்தார்கள். “பிரித்தானியாவால் செய்ய முடியும்” என்று பெயர். புதிய கதிரை, புதிய அடுப்பு, புதிய பாத்திரம் என்று அழகழகாக வைத்திருந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பார்த்தார்கள். ஆனால் பல பொருட்கள் ஏற்றுமதிக்கென்று ஒதுக்கியவை, அல்லது எப்போது கிடைக்கும் என்று தெரியாதவை. அதனால் பத்திரிகைகள் அதற்கு “பிரித்தானியாவால் வாங்க முடியாது” என்று பட்டப்பெயர் வைத்தன.

நம் தோட்டங்களில் இதை விளக்கவே தேவையில்லை. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. நமக்கு வருவது டஸ்ட். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பெண்ணுக்கு அந்த வெள்ளைக் கோப்பை பத்து வருடத்துக்குத்தான். நமக்கு டஸ்ட் எத்தனை தலைமுறையாக என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

“அவங்களுக்கு என்ன கெடச்சிச்சு டீச்சர்?”

இந்தச் சுவரொட்டிகளில் இரண்டு மூன்றின் படத்தைப் பத்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் ஒருமுறை காட்டினேன். பிரசாரம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்துவதுதான் என் நோக்கம். கடைசி வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, “சரி டீச்சர், அவங்க அவ்வளவு ஒழச்சாங்கல்ல, பொறவு அவங்களுக்கு என்ன கெடச்சிச்சு?” என்று கேட்டாள். அவளுடைய அம்மா மலைக்குப் போகிறவர். அவள் கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தவற்றில் நிலைத்து நின்றவை எல்லாம் சட்டமாக எழுதப்பட்டவை. சுவரில் மட்டும் எழுதப்பட்டவை நிலைக்கவில்லை.

1945 ஜூலையில் அங்கே தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தொழிற்சங்கங்கள் கட்டி வளர்த்த கட்சி அது. சுகாதார அமைச்சராக வந்த அனியூரின் பெவன் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். வெளிநாட்டமைச்சர் ஏர்னஸ்ட் பெவின் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர். இவர்களிடம் தொழிலாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: வயிற்றைக் கட்டுகிறோம், ஆனால் விலை உண்டு.

நிலக்கரி இல்லையென்றால் எந்த ஆலையும் ஓடாது. 1947 பெப்ரவரிக் குளிரில் நிலக்கரி போதாமல் ஆலைகள் மூடப்பட்டு இலட்சக்கணக்கானோர் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அந்த நிலையிலும் சுரங்கத் தொழிலாளர்கள் வாரத்துக்கு ஐந்து நாள்தான் வேலை என்று கேட்டார்கள். அந்த வருடம் மே மாதம் அது கிடைத்தது. சுரங்கங்கள் அதே வருடம் ஜனவரி முதலாம் திகதி அரசுடைமையாகியிருந்தன. உற்பத்தி வேண்டும் என்று அரசாங்கம் கெஞ்சிய நேரத்தில்தான் அவர்கள் வேலை நாளைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதை நம் சங்கத் தலைவர்மார், தலைவிமார் குறித்துக்கொள்ள வேண்டும்.

லங்காஷயரிலும் அப்படித்தான். யுத்த காலத்தில் பல பஞ்சாலைகளை மூடிப் பெண்களை ஆயுத ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே சம்பளம் கூட. யுத்தம் முடிந்ததும் திரும்பி வாருங்கள் என்று சுவரொட்டி கூப்பிட்டது. பெண்கள் இலேசில் போகவில்லை. பழைய சம்பளமும் பழைய தூசியும் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. சம்பளத்தைக் கூட்டி, பிள்ளை மடுவமும் உணவுச்சாலையும் வைத்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அப்படியும் ஆள் போதாமல் ஐரோப்பாவின் அகதி முகாம்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. எவரும் எந்த வைத்தியரிடமும் காசு கொடுக்காமல் மருந்தெடுக்கலாம். வேலையிழந்தவருக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் தேசிய காப்புறுதிப் பணம். பாடசாலை விடும் வயது 14இலிருந்து 15ஆக உயர்ந்தது. ரொட்டிக்கும் துணிக்கும் தேநீருக்கும் பங்கீடு இருந்த அதே நாட்களில் இவையெல்லாம் சட்டமாயின.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். பஞ்சாலைச் சுவரொட்டி பெண்ணைப் பார்த்துத்தான் பேசியது. ஆனால் சம வேலைக்குச் சம சம்பளம் என்று அது சொல்லவில்லை. அதற்கான சட்டம் 1970இல்தான் வந்தது. 1948இல் தொழிற்சங்கச் சம்மேளனம் சம்பள உயர்வு கேட்பதை அடக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. மறுவருடம் செப்டெம்பரில் பவுண் நாணயத்தின் பெறுமதியை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்கு இறக்கினார்கள். பொருள்விலை ஏறியது, சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. 1950இல் சங்கங்கள் அந்த உடன்பாட்டைத் தூக்கியெறிந்தன. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது தொழிற்கட்சி அரசாங்கமே 1948இலும் 1949இலும் அவசரகாலநிலையைப் பிரகடனப்படுத்தியது. நம்முடைய கட்சி ஆட்சியில் இருக்கிறது என்பதற்காகச் சங்கம் தூங்கிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கடைசியில் அந்த நூல் என்னவானது? 1950களின் முடிவுக்குள் லங்காஷயர் வெளியே அனுப்பிய துணியைவிட நாட்டுக்குள் இறக்குமதியான துணி கூடிவிட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1959இல் அரசாங்கமே காசு கொடுத்துப் பழைய இயந்திரங்களை உடைக்கச் செய்தது. நாட்டின் ரொட்டி உங்கள் நூலில் தொங்குகிறது என்று பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சொன்னவர்கள் வேறு பேச்சுப் பேசினார்கள். ஆனால் ஆலை மூடிய பெண்ணும் வைத்தியசாலைக்குக் காசில்லாமல் போகலாம். சுவரொட்டி கிழிந்துபோன பிறகும் சட்டம் மிஞ்சியது.

அதே ஆண்டுகளில் நம் மலைகளில்

இனி நம்முடைய பாதிக்கு வருவோம். பிரித்தானியத் தொழிலாளி வாரம் குடித்த அந்த 57 கிராம் தேயிலை எங்கிருந்து வந்தது? 1942இன் தொடக்கத்தில் ஜப்பான் படை மலாயாவையும் ஜாவாவையும் பிடித்துக்கொண்டது. ஜாவாத் தேயிலையும் மலாயா இறப்பரும் நேச நாடுகளின் கையைவிட்டுப் போயின. இந்தியாவும் இலங்கையும்தான் தேயிலைக்குக் கதி. இறப்பருக்கு இலங்கைதான் பெரிய நம்பிக்கை. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று இறப்பர் மரங்களை ஒட்ட வெட்டிப் பால் எடுத்தார்கள். லண்டன் தேயிலை ஏலம் யுத்தம் தொடங்கியதும் மூடப்பட்டு 1951இல்தான் திறந்தது. இடைக்காலத்தில் பிரித்தானிய உணவு அமைச்சு ஒப்பந்த விலைக்கு மொத்தமாகத் தேயிலை வாங்கியது.

அதே 1942இல் பர்மா விழுந்ததும் நமக்கு அரிசி வருவது நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கோதுமை மா புழக்கத்துக்கு வந்தது. நாம் இன்று நமது உணவென்று சொல்லும் ரொட்டிக்குப் பின்னால் அந்தப் பஞ்சமும் இருக்கிறது.

நம் தேயிலையும் இறப்பரும் சம்பாதித்த டொலர் பவுண் நாடுகளின் பொதுக் கணக்கில் லண்டனில் சேர்ந்தது. இலங்கைக்குச் சேர வேண்டிய பவுண் இருப்பையும் நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாமல் கட்டுப்பாடு இருந்தது. ஆக, “ஏற்றுமதி செய், இல்லையேல் செத்துப்போ” என்று பிரித்தானியா தன் மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அதன் டொலர்ப் பையில் நம் தாத்தா பாட்டியின் உழைப்பும் கிடந்தது. அவர்களை நோக்கி யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. வேண்டுகோள் விட வேண்டிய தேவையே இல்லையென்று நினைத்தார்கள். தேயிலை விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் அதற்கு முன்பே இருந்தது. அவள் அந்தப் படத்துக்குள் நின்றாளே தவிர, அந்தப் படம் அவளோடு பேசவில்லை.

சுதந்திரம் வந்தபோது இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலிருந்தும் வந்தது. அந்த வருமானத்தில்தான் நாட்டின் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அரிசி மானியமும் நடந்தன. 1952 டிசெம்பரில் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தில் இறப்பரைக் கொடுத்துத்தான் அரிசி வாங்கினார்கள். ஏற்றுமதிக்குப் பலன் இருந்தது. அதை உழைத்துக் கொடுத்தவரின் லயத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது என்று நான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதற்கிடையில் ஒரு தலைமுறை முழுக்கக் கையெழுத்துப் போடவும் தெரியாமல் வளர்ந்தது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது.

1948ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஜூலையில் பிரித்தானியத் தொழிலாளிக்குச் சுகாதார சேவை. அதே வருடம் இங்கே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த நம் மக்களில் பெரும்பாலானோர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டது. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. இடையில் 55 வருடங்கள். அங்கே ஏற்றுமதிக்காக வயிற்றைக் கட்டியவருக்குச் சட்டம் கொடுத்தது. இங்கே ஏற்றுமதியைத் தோளில் சுமந்தவரிடமிருந்து சட்டம் பறித்தது. சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மைவிட யாருக்கும் தெரியாது.

2022இன் கணக்கு

இப்போது நம் காலம். 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியது. அப்போது ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. ஆகவே நம் நாட்சம்பளம் ஏறக்குறைய 5 டொலர். 2022 நடுப்பகுதியில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போனது. நாட்சம்பளம் அதே 1,000 ரூபா. அதாவது 3 டொலருக்கும் குறைவு. தேயிலை வெளிநாட்டில் டொலருக்குத்தான் விற்கிறது. கொழும்பு ஏலத்தில் ரூபா விலை ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டித்தது. பறித்த கைக்கு மட்டும் பாதி ஆகியது. சம்பளம் 1,350 ரூபாவானது 2024 செப்டெம்பரில். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த வித்தியாசம் யார் கணக்கில் சேர்ந்தது என்று எந்தச் சுவரொட்டியிலும் எழுதவில்லை.

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய 25 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனைத் தேயிலை அனுப்பி அடைப்பதாக 2021 டிசெம்பரில் அரசாங்கம் உடன்பாடு செய்தது. அந்தக் கடன் நாம் வாங்கியதல்ல. அதை நம் கொழுந்துக் கூடையால் அடைக்க முடியுமென்றால், அந்தக் கூடையின் பெறுமதியை அரசாங்கம் நன்றாக அறிந்தே வைத்திருக்கிறது.

கம்பனிகள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். பசளை விலை, டீசல் விலை, மின்சாரம் எல்லாம் ஏறியது உண்மை. 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்ததால் விளைச்சல் விழுந்ததும் உண்மை. நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கை இன்று சிறு தோட்ட உடைமையாளர்கள்தான் தருகிறார்கள் என்பதும் உண்மை. இதைச் சொல்லி, “உங்கள் பங்கு குறைந்துவிட்டது” என்று நம்மை அடக்கப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் ஏன் கிலோவைக் கூட்டச் சொல்லி நம் மடுவத்தில் எழுதுகிறீர்கள்? நாட்டைக் காப்பாற்றும் கைகள் என்று சுவரில் சொல்வதும், சம்பளப் பேச்சில் நட்டத் தொழில் என்று சொல்வதும் ஒரே வாய். இரண்டில் எது சரியென்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஏற்றுமதியைக் கூட்டு என்று அடுத்த முறை யாராவது சுவரொட்டி கொண்டுவந்தால் கிழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் நம் கோரிக்கையை ஒட்டுவோம். என் மனதில் உள்ளவை நான்கு.

ஒன்று, நாட்சம்பளம் வருடத்துக்கு ஒருமுறை தானாகவே மீளாய்வு செய்யப்பட வேண்டும். வாழ்க்கைச் செலவும் ஏல விலையும் டொலர் விலையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். கூட்டு ஒப்பந்தத்திலிருந்து 2021இல் கம்பனிகள் விலகிவிட்டன. அதன்பின் ஒவ்வொரு உயர்வுக்கும் தேர்தலையோ வரவு செலவுத் திட்டத்தையோ பார்த்துக் காத்திருக்கிறோம். இந்த நிலை மாறச் சட்டம் வேண்டும்.

இரண்டு, வீட்டுக்கும் அது நிற்கும் காணிக்கும் உறுதி. அடிக்கல் நாட்டும் படம் போதாது. கையில் கொடுத்து, பதிவு செய்த உறுதிப் பத்திரம்.

மூன்று, தோட்ட வைத்தியசாலைகளை அரச சுகாதார சேவைக்குள் முழுமையாகக் கொண்டுவருவது. சில பொறுப்பேற்கப்பட்டன, பல இன்னும் வெளியில். பிரசவ வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகும் நிலை எந்த ஏற்றுமதி நாட்டுக்கும் பெருமையல்ல.

நான்கு, கிலோ அளவைத் தோட்ட நிர்வாகம் தனியே தீர்மானிக்கக் கூடாது. மழையும் வெயிலும் புல்லும் மலையின் சரிவும் தெரிந்தவர்கள் பறிக்கிற பெண்கள். அவர்களுடைய பிரதிநிதியும் கையெழுத்திட்டால்தான் அளவு செல்லும் என்று விதி வர வேண்டும். இன்று அளவுக்கு இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்கள். நாட்டைக் காப்பாற்றும் கைக்கு அரைப் பேரா என்று மடுவத்திலேயே கேளுங்கள்.

இவற்றில் எதையும் பிச்சையாகக் கேட்கவில்லை. 1947இல் சுரங்கத் தொழிலாளி ஐந்து நாள் வேலையைக் கேட்டது நாடு மிகவும் நெருக்கடியில் இருந்தபோது. நெருக்கடி தீரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் இருந்திருந்தால் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அரசாங்கத்துக்கு நம் உழைப்பு மிகவும் தேவைப்படும் நேரம்தான் நாம் பேச வேண்டிய நேரம்.

வருகிற மாதக் கூட்டங்களில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த நான்கையும் எடுத்துப் பேச வேண்டும். கூட்ட வேண்டியதைக் கூட்டுங்கள், திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். தலைவர்மாரோடு தலைவிமாரும் பேச வேண்டும். மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வைத்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் உங்கள் தோட்டத்துப் படித்த பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எழுதத் தெரிந்த ஒரு தலைமுறை இப்போது நம்மிடம் இருக்கிறது.